புங்கமரத்தடி ஜாஸ்

கும்மிடிப்பூண்டியில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது என்று ஹேமாம்புஜம் சொன்னபோது திருவள்ளூரில் அவள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. அங்கே இரும்பல்லவா உருக்குகிறார்கள், பாட்டுக்கு யார் காது கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டார்கள். அவளுடைய அப்பா ராமானுஜம் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். அவர் மட்டும், "எங்கே இருந்தாலும் சுருதியை விட்டுடாதே, மத்ததைப் பெருமாள் பார்த்துப்பார்" என்று சொல்லி ஆர்மோனியப் பெட்டியை பஸ் கூரைமேல் ஏற்றிக் கட்டிவிட்டு வந்தார்.

அது 1978. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த நேரம். நேற்றுவரை நாற்று நட்டவர்கள் இன்று சாப்பாட்டுத் தூக்கோடு ஷிப்டுக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்த பள்ளியைக் கட்டியவர் பொன்னேரிப் பக்கத்து நிலக்காரர் ஒருவர், பாட்டென்றால் உயிர். பிள்ளைகளுக்கு எழுத்தோடு பாட்டும் வேண்டும் என்று இசை ஆசிரியைக்கு ஓர் இடத்தை ஏற்படுத்திவிட்டுத்தான் கண்ணை மூடினார். பள்ளி என்பது ஒரே நீளக் கொட்டகை. மேலே தகரக் கூரை, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் மூங்கில் தட்டி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு ஆலை. அதில் ஒரு பெரிய எந்திரச் சம்மட்டி பழுத்த இரும்பைப் பகலெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். டம். டம். டம். ஹேமாம்புஜம் ஆர்மோனியத்தில் சட்ஜமத்தை அழுத்திப் பிடித்து, "எல்லாரும் ஸா சொல்லுங்கோ" என்றால், அது பிள்ளைகள் காதுக்குப் போவதற்குள் சம்மட்டி விழுந்து நசுக்கிவிடும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளிடம் பயமே கிடையாது. ஸரிகமவை ரயில் கூவுகிற மாதிரிக் கூவினார்கள். யேசுதாஸ் என்கிற பையன் டிபன் டப்பாவைத் தட்டினான். அவர்களில் மணியம்மாள் ஒருத்திதான் உண்மையாகப் பாட ஆசைப்பட்டாள். அதுதான் சங்கடமே.

மணியம்மாளின் குரல் சுவர் தாண்டிக் கேட்கும். தாளமும் தப்பாது. ஆனால் ஸரிகமவில் வருகிற அந்த 'க', காந்தாரம் என்றால் அவளுக்குத் தனியாக ஒரு காந்தாரம். ஆர்மோனியத்தில் ஒரு கறுப்புக் கட்டை, அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டை. அவள் குரல் இரண்டிலும் உட்காராமல் நடுவில் போய்ச் சரிந்து நிற்கும். எத்தனை தரம் திருத்தினாலும் அங்கேயேதான் போய் நின்றது. ஒரு நாள் ஹேமாம்புஜம் பொறுமை இழந்து, "மணி, நீ பாடாதே. வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டாள். மணியம்மாள் முகம் சுருங்கவில்லை. அன்றிலிருந்து கடைசி வரிசையில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, சத்தமே இல்லாமல் வாயை அசைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹேமாம்புஜத்துக்கு ஏனோ வேறு பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றும்.

தலைமை ஆசிரியர் துளசிராமன் ஆரம்பாக்கத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் காற்றடித்தாலே கமிட்டியை நினைத்துப் பயப்படுகிறவர். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. கமிட்டில பேசிக்கினாங்க. பாட்டு கிளாஸ எடுத்துட்டு கணக்குக்கு இன்னொரு ஆளப் போடலாம்னு. ஆண்டு விழா முடியட்டும், அப்பறம் முடிவு பண்ணலாம்னு நான்தான் தள்ளி வச்சிருக்கேன்."

"பிள்ளைகளுக்குப் பாட்டு பிடிக்கலைன்னு யாராவது சொன்னாளா, சார்?"

"புடிச்சிருக்குன்னும் யாரும் சொல்லலியேம்மா" என்றார் அவர், பாவமாக.

அவர் மேஜையிலிருந்த ஒரு சுற்றறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார். "இத்தப் பாருங்க. மெட்ராஸ்ல ஒரு நாள் டிரெயினிங். அமெரிக்காலேந்து யாரோ வர்றாங்களாம், சின்னப் பசங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறவங்க. ஒருத்தரும் போமாட்டேன்றாங்க. நீங்க போய்க்கினு வாங்க. நாஷ்டா, சாப்பாடு எல்லாம் அவங்களே."

மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரி மண்டபம். பாட்டு டீச்சர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரு வெள்ளைக்காரியை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவள் கறுத்த, உயரமான, கனத்த தோளுடைய ஒரு பெண்மணி. அந்த மஞ்சள் கவுனை மட்டும் மாற்றிவிட்டால் பொன்னேரிச் சந்தையில் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பெயர் கோரா. தன் ஊரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜாஸ் சொல்லிக் கொடுக்கிறாளாம். ஹேமாம்புஜம் மனசுக்குள் உடனே கோராம்மா என்று வைத்துக்கொண்டாள். அவள் பேசப் பேச, கல்லூரி விரிவுரையாளர் ஒருத்தி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கோராம்மா காலால் தரையைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "கை எங்கே விழணும் தெரியுமா? ஒன்றில் இல்லை. இரண்டிலும் நாலிலும்."

ஹேமாம்புஜத்துக்குச் சிரிப்பு வந்தது. இதென்ன பெரிய காரியம் என்று கையைத் தூக்கினாள். கை போய் ஒன்றில் விழுந்தது. மறுபடி தூக்கினாள்; மறுபடியும் ஒன்றில். பாவாடை கட்டிய வயசிலிருந்து சமத்தில், தாளத்தின் முதல் அடியில், விழுந்து பழகிய கை, வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி அங்கேயே போனது. பக்கத்திலிருந்த டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேமாம்புஜம் பல்லைக் கடித்துக்கொண்டு, கால் ஒன்றைச் சொல்லட்டும், கை சும்மா இருக்கட்டும் என்று காத்திருந்து, அப்புறம் தட்டினாள். விழுந்தது. மறுபடியும் விழுந்தது. யாரோ ஊஞ்சலைப் பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி உடம்பு தானாக ஆடியது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பாட்டு வகுப்பில் உட்கார்ந்து தான் சிரித்தது அதுவே முதல் தடவை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பிறகு கோராம்மா நாலே வரியில் ஒரு சின்னப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். எல்லோரும் சேர்ந்து அதைப் பாட வேண்டும். முடிந்ததும் ஒவ்வொருத்தராக, தனக்குத் தோன்றியதைத் தன் இஷ்டத்துக்குப் பாட வேண்டும். மற்றவர்கள் கை தட்டிக்கொண்டே அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஹேமாம்புஜம் திகைத்துப்போனாள். அவள் படித்த பாட்டில் சொந்தமாக ஒரு ஸ்வரம் போட வேண்டுமென்றால் சரளி, அலங்காரம், கீதம், வர்ணம் எல்லாம் தாண்டி, கீர்த்தனைகளில் வருஷக்கணக்காக ஊறி, அதற்கப்புறம் குரு கண்ணால் ஜாடை காட்ட வேண்டும். இங்கே முதல் நாளே, ஏழு வயசுப் பிள்ளையிடம், "பாடு, உனக்கு என்ன தோணுதோ பாடு" என்கிறார்களே!

மத்தியானம் கோராம்மா பியானோவில் இரண்டு கட்டைகளை மாறி மாறி அழுத்தினாள். "எனக்கு வேண்டிய ஸ்வரம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பெட்டியில் அது இல்லை. என் தொண்டையில் இருக்கிறது" என்று சொல்லிப் பாடிக் காட்டினாள். வழுக்கிச் சரிந்து நின்றது அந்தக் காந்தாரம்.

ஹேமாம்புஜம் எழுந்துவிட்டாள். "எங்க பாட்டிலும் இப்படி உண்டு" என்று சொல்லி, ஒரு ராகத்தில் காந்தாரத்தை அசைத்துக் காட்டினாள். கோராம்மா துள்ளி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பிள்ளைகள் இதைப் பாடுவார்களா?"

"ஒருத்தி பாடுவா" என்றாள் ஹேமாம்புஜம். "ஆர்மோனியத்துல அந்தக் கட்டை இல்லைன்னு நான்தான் அவளைப் பாட விடலை."

விரிவுரையாளர் அதை மொழிபெயர்த்தாள். கோராம்மா அவளைக் குற்றமாகப் பார்க்கவில்லை. "நாளைக்குப் பாட விடு" என்றாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பாசெஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சக்கரச் சத்தத்துக்கு நடுவே தொடையில் தட்டிக்கொண்டே வந்தாள். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த கீரைக்காரி அவளையே பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தாள்.

மறுநாள் மூன்றாம் வகுப்பில் ஆர்மோனியத்தைத் திறக்கவே இல்லை. "எல்லாரும் வாயை மூடிண்டு அந்தச் சம்மட்டியைக் கேளுங்கோ" என்றாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டம். டம். டம்.

"அது எங்க நைனா மிஷினு!" என்றாள் மணியம்மாள் பெருமையாக. அவள் அப்பா கலியனுக்கு அந்தச் சம்மட்டியில்தான் வேலை.

"சரி. உங்க நைனா ஒன்னு, மூணு போடறார். நாம ரெண்டு, நாலு போடுவோம். அவர் அடிக்கறச்சே தட்டக்கூடாது. அவர் அடிச்சு முடிச்சதும் தட்டணும்."

தனக்கு அவ்வளவு நேரம் பிடித்த வித்தை பிள்ளைகளுக்கு அரை நிமிஷம்கூடப் பிடிக்காததைப் பார்த்து ஹேமாம்புஜத்துக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. டம், சட். டம், சட். இத்தனை நாள் பாட்டை நசுக்கிய சம்மட்டி இப்போது பக்கவாத்தியமாகிவிட்டது. யேசுதாஸ் டப்பாவை எடுத்தான். "தட்டு" என்றாள் அவள். அவனால் நம்ப முடியவில்லை.

முந்தின நாள் ரயிலில் வரும்போதே கட்டிய பாட்டை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆலைச் சங்கு பற்றிய பாட்டு.

"சங்கு ஊதுது, சங்கு ஊதுது,
எந்திரி நைனா எந்திரி!
சங்கு ஊதுது, சங்கு ஊதுது,
நாஷ்டா இன்னா நாஷ்டா?"

"இப்போ ஒவ்வொருத்தரா வந்து, உங்க ஆத்துல, உங்க ஊட்டுல, இன்னிக்கு என்ன நாஷ்டான்னு பாடணும். எப்படி வேணும்னாலும் பாடலாம்."

"எப்டி வேணா?" என்றான் யேசுதாஸ் சந்தேகத்தோடு.

"எப்படி வேணும்னாலும்."

யேசுதாஸ் எழுந்து, "ஞாயித்துக்கெழம இட்டிலி, மத்த நாள்ல பழய சோறு, பழய சோறு, பழய சோறு!" என்று ஒவ்வொரு பழைய சோற்றையும் ஒரு படி கீழே இறக்கிப் பாடினான். வகுப்பு கூவியது. இன்னொருத்தி பொறையை டீயில் தோய்த்ததைப் பாடினாள். ஒருவன் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பதை அழுகிற மாதிரிப் பாடி எல்லோரையும் சிரிக்கவைத்தான். ஹேமாம்புஜம் அவனைக் கூப்பிட்டுத் தன் டப்பாவைக் கொடுத்தாள். கடைசி வரிசையில் மணியம்மாள் வாயை அசைத்துக்கொண்டே நின்றாள்.

"மணி, வா. உன் முறை."

"நான் பாடக்கூடாதே, டீச்சர்."

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். உன் காந்தாரம் சரி. என் பெட்டியிலதான் அது இல்லை. பாடு."

மணியம்மாள் முன்னால் வந்தாள். பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சம்மட்டி இரண்டு அடி அடிக்கக் காத்திருந்து, "கம்பங்கூழு, வெங்காயம்" என்று எடுத்தாள். அந்தக் 'கூழு' அவளுடைய காந்தாரத்தில் போய்ச் சரிந்து, நின்று, மெதுவாக இறங்கியது. கூழின் புளிப்பு நாக்கில் தட்டியது போலிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. யேசுதாஸ் மட்டும், "இன்னொரு வாட்டி பாடேன்" என்றான்.

இரண்டு வாரம் மூன்றாம் வகுப்பு இப்படிக் கொண்டாட்டமாகப் போனது. அப்புறம் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வம்பு வந்தது. ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் தானியேல், "ஏழெட்டு எவ்ளோ?" என்று கேட்டால், இந்தப் பக்கத்திலிருந்து கை தட்டோடு, "ஏழெட்டு இன்னா, ஏழெட்டு?" என்று பாட்டாகத் திரும்பி வந்தது. போதாக்குறைக்கு அவருடைய வகுப்பே விடையைப் பாட்டில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. தானியேல் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் போனார்.

துளசிராமன் ஓடி வந்தார். "டீச்சரம்மா, ஒரே பேஜாராப் போச்சு. கமிட்டி காதுல உழுந்தா என் கதி இன்னா? அந்த ஜாஸா கீஸா, அது கொட்டாயிக்குள்ள வேணாம். ஆண்டு விழாவுக்கு ஒழுங்கா ஒரு வரவேற்புப் பாட்டு ரெடி பண்ணுங்க. ஆலை மேனேஜரு வர்றாரு. தட்டிய எடுத்துட்டு நமக்கு சுவரு வச்சிக் குடுக்கறதா சொல்லிக்கினு கீறாரு."

"கொட்டகைக்குள்ள வேண்டாம், அவ்வளவுதானே சார்?"

"அவ்ளோதான்" என்றார் அவர், அவசரத்தில்.

ஹேமாம்புஜம் கொட்டகைக்குள் ஆர்மோனியத்தோடு வரவேற்புப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். அது முடிந்ததும் பிள்ளைகளை மைதானக் கோடியிலிருந்த புங்கமரத்தடிக்கு அழைத்துப் போனாள். துளசிராமன் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தார். தான் சொன்ன வார்த்தையை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப்பார்த்திருப்பார் போலிருக்கிறது. அப்படியே உள்ளே போய்விட்டார்.

புங்கமரம் ஆலை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்கள். தங்கள் வீட்டு நாஷ்டா ஊர் முழுக்கப் பாட்டாவதைக் கேட்டுச் சிரித்தார்கள். கலியன் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏம்மா டீச்சரு, எங்கூட்ல கூழு மட்டுந்தானா? கருவாடு துன்றதெல்லாம் பாட மாட்டாளா அவ?" என்று கேட்டான். மறுநாள் மணியம்மாள் கருவாட்டைப் பாடினாள்.

ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். மைதானத்தில் பந்தல், மைக் செட், காகிதத் தோரணம். தொழிலாளர் குடும்பங்கள் மொத்தமும் வந்து உட்கார்ந்துவிட்டன. கமிட்டித் தலைவர், பொன்னேரியில் அரிசி மில் வைத்திருக்கிற பெரியவர், முன்வரிசையில் அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆலை மேனேஜர் மட்டும் வரவில்லை. அவர் கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. ஒரு கூட்ஸ் வண்டி தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டதாம்.

கூட்டம் கலைந்துவிடக்கூடாதே என்று துளசிராமன் நிகழ்ச்சிகளை ஆரம்பித்துவிட்டார். வரவேற்புப் பாட்டு ஆனது. கும்மி ஆனது. திருக்குறள் ஒப்பித்தல் ஆனது. நாடகத்தில் ராஜாவின் மீசை விழுந்து, அதுவும் முடிந்தது. வரவேற்புப் பாட்டை இரண்டாம் தரமும் பாடியாயிற்று. கார் வரவில்லை. பின்வரிசையில் ஆட்கள் எழுந்து முதுகைத் தட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. அதைப் பார்த்து இன்னொன்று அழுதது.

துளசிராமன் மேடைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு வந்தார். "டீச்சரம்மா, எதாச்சும் பண்ணுங்க. அவரு வந்து பாக்கறப்போ பந்தலு காலியா கீதுன்னா சுவரும் இல்ல, ஒன்னும் இல்ல."

"புங்கமரத்தடிப் பாட்டு இருக்கு, சார்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். தலைவர் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "எவ்ளோ நேரம் ஓடும்?"

"எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம்."

மூன்றாம் வகுப்பு மேடையேறியது. யேசுதாஸ் டப்பாவோடு நடுவில் உட்கார்ந்தான். ஹேமாம்புஜம் கையைத் தூக்கினாள். பிள்ளைகளும் தூக்கினார்கள். அப்படியே நின்றார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: ஞாயிற்றுக்கிழமை, ஆலை மூடியிருந்தது, சம்மட்டி இல்லை. ஒன்று எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் பிள்ளைகள் காற்றில் கையை வைத்துக்கொண்டு விழித்தார்கள். காலால் மேடையைத் தட்டிப்பார்த்தாள். அவளுடைய பாதத்துக்குப் பலகைகூட அசையவில்லை.

பந்தலின் நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டம்.

கலியன் எழுந்து நின்று, தான் உட்கார்ந்திருந்த மர பெஞ்சை முஷ்டியால் குத்தினான். டம். இடம் விட்டு, மறுபடியும் டம். அவனுக்குப் பக்கத்திலிருந்தவன் தரையில் காலை ஓங்கி வைத்தான். ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நாளெல்லாம் கேட்டுக் கேட்டு உடம்பில் ஏறியிருந்த அடி. கொஞ்சம்கூட முன்பின் போகவில்லை. மேடையில் பிள்ளைகளின் கை சிரிப்போடு நடுவில் வந்து விழுந்தது. டம், சட். டம், சட்.

"சங்கு ஊதுது, சங்கு ஊதுது…"

அதற்கப்புறம் ஹேமாம்புஜம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் முறை வைத்துப் பாடினார்கள். நாஷ்டா தீர்ந்து, மத்தியானச் சாப்பாடு தீர்ந்து, மேனேஜர் காரும் ரயில்வே கேட்டும் பாட்டில் வந்தன. "கார் எங்கடா, கார் எங்க?" என்று யேசுதாஸ் கேட்க, "கேட்டாண்ட, கேட்டாண்ட!" என்று பந்தலே பதில் சொன்னது. மணியம்மாள் தன் முறையில் கூட்ஸ் வண்டி பெருமூச்சு விட்டு நின்ற கதையைப் பாடினாள். அந்தச் சரிந்த காந்தாரம் மைக்கில் ஏறி மைதானத்துக்கு மேலே போனபோது, எழுந்து போகப் பார்த்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள்.

ஒரு சுற்று முடிந்தது. பிள்ளைகள் கை தட்டிக்கொண்டே அடுத்தது யார் என்று பார்த்தார்கள். மணியம்மாள் மேடை ஓரம் நின்ற துளசிராமனின் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "இப்ப நீங்க, சார்!"

"நானா? ஐயோ, எனக்கு இன்னா தெரியும்?"

"எப்டி வேணாப் பாடலாம், சார்!"

துளசிராமன் மைக் முன்னால் நின்றார். டம், சட், என்று பந்தல் அவருக்காகக் காத்திருந்தது. வாழ்க்கை முழுக்கத் தினமும் காலையில் சொன்னது ஒன்றுதான் அவருக்கு வாயில் வந்தது.

"மணியம்மா!" என்றார்.

"உள்ளேன் ஐயா!" என்றாள் மணியம்மாள், அடுத்த தட்டில்.

"யேசுதாஸு!"

"உள்ளேன் ஐயா!"

மூன்றாம் வகுப்பு முழுவதையும் அவர் மனப்பாடமாகக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயரும் அடியில் விழுந்தது, ஒவ்வொரு 'உள்ளேன் ஐயா'வும் தட்டில் எழுந்தது. வகுப்பு தீர்ந்ததும் நிறுத்த மனசில்லை அவருக்கு. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பந்தலைப் பார்த்தார். "கலியா!" என்றார்.

கலியன் குத்திய முஷ்டியோடு ஒரு கணம் நின்றான். அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் எந்த நாளும் உட்கார்ந்தவன் அல்ல. அந்த வயசில் வரப்பில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தான். அடுத்த தட்டுக்குள் சொல்ல வேண்டும். "உள்ளேன் ஐயா!" என்று முழங்கினான். பந்தல் அதிர்ந்தது. அவன் மனைவி பூவம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பேரையும் கூப்புடுங்க, சார்!" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது.

ஆலை மேனேஜர் காரை கேட்டிலேயே விட்டுவிட்டு, கூட்ஸ் வண்டியைச் சுற்றித் தண்டவாளத்தைத் தாண்டி, யாருடைய சைக்கிளிலோ பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தது இந்த நேரத்தில்தான். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அவரும் பந்தல் ஓரத்தில் நின்று கை தட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவரை நிமிர்ந்து பார்த்து, அவர் பேண்டைப் பிடித்து இழுத்தாள்.

"சார், இப்ப இல்ல. அவங்க குத்தினப்பறம் தட்டணும்."

மேனேஜர் திருத்திக்கொண்டார். அவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

பாட்டு எப்படி முடிந்தது என்று கேட்டால், பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்ததால் முடிந்தது. மேனேஜர் தன் பேச்சை நாலு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். சுவர் நிச்சயம் என்றார். கமிட்டித் தலைவர் போகும்போது ஹேமாம்புஜத்தின் முன்னால் நின்றார்.

"இது இன்னா பாட்டும்மா? சினிமாவா?"

"இல்லை, சார். ஜாஸ்னு சொல்லுவா."

"அப்படின்னா?"

அவள் யோசித்தாள். "நாலு வரி எல்லாருக்கும் பொது. அப்புறம் அவாவாளுக்கு ஒரு முறை வரும். ஒருத்தர் முறையில மத்தவா தாங்கிப் பிடிக்கணும். அவ்வளவுதான்."

பெரியவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "என்னையும் கூப்புடுவாரு, கூப்புடுவாருன்னு பாத்தேன். துளசிராமன் என் பேரை விட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டு வகுப்பை எடுத்துவிடுகிற பேச்சு அதற்கப்புறம் கமிட்டியில் எழவே இல்லை.

மறுவாரம் ஒரு மத்தியானம் பூவம்மாள் பள்ளி வாசலில் வந்து நின்றாள். அவளோடு ஆலைத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள். ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னா விஷயம், பூவம்மா?" என்றார் துளசிராமன்.

"டீச்சராண்ட பேசணும். எங்களுக்கும் அத்தச் சொல்லித் தருவாங்களான்னு."

ஹேமாம்புஜம் வெளியே வந்தாள். "சனிக்கிழமை சாயங்காலம் வாங்கோ. ஆனா நான் சொல்லித் தரப்போறதில்லை" என்று சொல்லி மூன்றாம் வகுப்பைக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை பெண்கள் வேலையெல்லாம் முடித்து, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். மணியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாவின் எதிரில் நின்றாள். பூவம்மாளின் கை நேராக ஒன்றில் போய் விழுந்தது.

"அங்க இல்லம்மா!"

மறுபடியும் ஒன்றில் விழுந்தது. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். பூவம்மாளும் சிரித்துக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இரு இரு, அவசரப்படுத்தாத" என்று மகளிடம் சொல்லிவிட்டு, மறுபடி கையைத் தூக்கினாள்.